அடைத்தவை நான்கு நாடுகள், வழக்கு ஒன்றின் மீது

2017 ஜூன் 5 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டதாக அடுத்தடுத்து அறிவித்தன. வான்வழி போயிற்று, துறைமுகங்கள் போயின. கத்தாருக்கு இருக்கும் ஒரே நில எல்லையான சல்வாவைச் சவூதி மூடியது. அது ரமலான் மாதம். தோஹாவின் பேரங்காடிகளில் பாலும் கோழியும் இருந்த அடுக்குகள் காலியாகிக் கிடந்த படங்கள் அன்றே உலகமெங்கும் பரவின. சவூதிப் புல்வெளிகளில் மேய்ந்துகொண்டிருந்த கத்தார் முதலாளிகளின் ஒட்டகங்களும் ஆடுகளும் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி விரட்டப்பட்டன. தூதரக முறிவில் கால்நடைகளும் நாடு கடத்தப்பட்டதற்கு வேறு முன்னுதாரணம் என் நினைவில் இல்லை.

ஓராண்டு கழித்து, 2018 ஜூன் 11 அன்று, கத்தார் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் படியேறியது. எதிர்வாதி ஐக்கிய அரபு அமீரகம் மட்டும். நில எல்லையை அடைத்த சவூதியின் மீது வழக்கில்லை. பஹ்ரைன் மீதும் எகிப்து மீதும் இல்லை.

அபுதாபிக்கும் தோஹாவுக்கும் இருந்த தனிப்பகை என்று இதற்குக் காரணம் சொன்னவர்கள் உண்டு. பெரியண்ணனான சவூதியோடு பிற்பாடு ராசியாக வழி வைத்துக்கொண்டார்கள் என்றவர்களும் உண்டு. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் சட்டக் காரணம் அதைவிட எளியது: நால்வரில் அமீரகத்தை மட்டும்தான் அந்த நீதிமன்றத்துக்கு இழுக்க முடியும்.

சர்வதேச நீதிமன்றம் நம் மாவட்ட நீதிமன்றம் போன்றதல்ல. பாதிக்கப்பட்டவர் மனுப் போட்டதும் எதிராளிக்குச் சம்மன் போய்விடாது. இரு நாடுகளும் ஏதோ ஒரு வகையில் சம்மதித்திருந்தால்தான் வழக்கே. அந்தச் சம்மதம் பெரும்பாலும் பழைய உடன்படிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் கிடக்கும். இந்த உடன்படிக்கை குறித்துத் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஒரு பிரிவு இருக்கும். அதை விரும்பாத நாடு, சேரும்போதே ‘இந்தப் பிரிவு எம்மைக் கட்டுப்படுத்தாது’ என்று விலக்குக் குறிப்பு எழுதிவிடும்.

கத்தார் கையிலெடுத்தது, 1965-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை. அதில் நீதிமன்றத்துக்கு வழி திறப்பது 22-ஆம் பிரிவு. எகிப்து 1967-இல் சேர்ந்தது, 22-ஆம் பிரிவுக்கு விலக்குடன். பஹ்ரைன் 1990-இல், விலக்குடன். சவூதி 1997-இல், விலக்குடன். அமீரகம் 1974 ஜூன் 20 அன்று சேர்ந்தபோது அப்படி எதுவும் எழுதவில்லை. இரண்டாண்டு கழித்துச் சேர்ந்த கத்தாரும் எழுதவில்லை. அமீரகம் சேர்ந்தபோது அந்தக் கூட்டமைப்பு பிறந்து இரண்டரை ஆண்டுதான். அன்றைய ஆசிய, அரபு நாடுகளுக்கு அந்த உடன்படிக்கை முதன்மையாக நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அறிக்கை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வளைகுடா நாடு இன்னொரு வளைகுடா நாட்டின் மீது வழக்குத் தொடுக்கும் என்று 1974-இல் யார் நினைத்திருப்பார்?

வளைகுடா அரசுகள் சம்பந்தப்பட்ட சர்வதேச வழக்குகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: முடிவு பெரும்பாலும் வாதம் நடந்த நாளில் எடுக்கப்படுவதில்லை. எவரோ ஓர் அமைச்சக அதிகாரி எப்போதோ எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட, இரண்டு வரியில் அது முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

முற்றுகையில் அடிபட்டவை வீடுகள். அமீரகத்தில் இருந்த கத்தார்க் குடிமக்கள் 14 நாளில் வெளியேற வேண்டும் என்று ஜூன் 5 அறிக்கை சொன்னது. அமீரகத்தவர் கத்தாருக்குப் போகவும் தங்கவும் தடை. இரண்டு நாள் கழித்து அமீரகத்தின் தலைமை அரசு வழக்கறிஞர், சமூக ஊடகத்தில் கத்தாருக்கு அனுதாபம் காட்டினால்கூட 3 முதல் 15 ஆண்டு சிறையும் 5 லட்சம் திர்ஹாமுக்குக் குறையாத அபராதமும் என்று எச்சரித்தார். எல்லைகளுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே குலத்தார் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நிலம் அது. அங்கே குடியுரிமை தந்தை வழியாக வருவது. அமீரகப் பெண்ணுக்கும் கத்தார் ஆணுக்கும் பிறந்த பிள்ளை கத்தார்க்காரப் பிள்ளை. ஆக, ஒரே வீட்டில் தாய்க்குப் போகத் தடை, பிள்ளைக்கு இருக்கத் தடை. அபுதாபியிலும் சார்ஜாவிலும் படித்துக்கொண்டிருந்த கத்தார் மாணவர்கள் தேர்வுக்கு நடுவே கிளம்பினார்கள். மதிப்பெண் சான்றிதழ்கூடக் கையில் கிடைக்காதவர்கள் உண்டு.

அமீரகத்தின் பதிலையும் சொல்ல வேண்டும். ஜூன் 5 அறிக்கை நாடு கடத்தும் உத்தரவே அல்ல, அதன்படி எவரையும் பிடித்து வெளியேற்றவில்லை, கலப்புக் குடும்பங்களுக்கென்றே தொலைபேசி உதவி எண் திறந்தோம், கத்தார்க்காரர்கள் அனுமதி பெற்று வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். இடைக்கால உத்தரவு வருவதற்குச் சில நாள் முன்பு, 2018 ஜூலை 5 அன்று, ஏற்கெனவே நாட்டில் இருக்கும் கத்தார்க்காரர்கள் தொடர்ந்து தங்கத் தனி அனுமதி வேண்டியதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் அறிக்கையும் விட்டது. அந்தத் தேதி தற்செயல் என்று நம்புவது கடினம். வழக்கு தோற்றாலும் வென்றாலும், தொடுக்கப்பட்டதே ஓர் அரசின் நடத்தையை இம்மியளவு நகர்த்தியதற்கு அது சான்று.

2018 ஜூலை 23 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. 8-க்கு 7. கத்தார்க்காரர் இருக்கும் குடும்பங்கள் பிரிக்கப்பட்டிருந்தால் சேர்த்துவைக்க வேண்டும். மாணவர்கள் படிப்பை முடிக்கவோ, வேறிடத்தில் தொடர விரும்பினால் ஆவணங்களைப் பெறவோ வழி செய்ய வேண்டும். அமீரக நீதிமன்றங்களை அவர்கள் அணுகத் தடையிருக்கக் கூடாது. எதிர்த்த எழுவரில் இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரி ஒருவர். லெபனானின் நவாஃப் சலாம் இன்னொருவர். பிற்பாடு அதே நீதிமன்றத்தின் தலைவராகி, அதன்பின் லெபனான் பிரதமரானவர் இவர்.

அடுத்த கட்டம் கொஞ்சம் கேலிக்கூத்து. 2019 மார்ச்சில் அமீரகம் தானே ஓர் இடைக்கால உத்தரவு கேட்டு மனுப் போட்டது. கத்தார்க்காரர்கள் அமீரகம் வர விண்ணப்பிக்கும் இணையதளத்தைக் கத்தார் அரசே தன் நாட்டில் முடக்கி வைத்திருக்கிறது, அதைத் திறக்கச் சொல்லுங்கள் என்பது கோரிக்கைகளில் ஒன்று. தன்னை அடைத்துவைத்தவர்கள் மீது வழக்குப் போட்ட நாடே அவர்களிடம் போகும் மின்வழியை அடைத்துவைத்தது என்ற குற்றச்சாட்டு. 2019 ஜூனில் 15-க்கு 1 என்று அந்த மனு தள்ளுபடியானது.

வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்வி. உடன்படிக்கையின் முதல் பிரிவு இனம், நிறம், வம்சாவளி, தேசியப் பூர்வீகம், இனக்குழுப் பூர்வீகம் ஆகியவற்றின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஒருவர் இன்று வைத்திருக்கும் கடவுச்சீட்டைப் பார்த்து அவரை வெளியே போகச் சொல்வது இதில் வருமா? வரும் என்றது கத்தார். வராது என்றது அமீரகம்: பகையான நாட்டின் குடிமக்களுக்கு விசா மறுப்பது எல்லா நாடும் செய்வது, அதை இனவெறி என்றால் எந்த அரசும் எல்லையில் கதவு வைக்க முடியாது.

2021 பிப்ரவரி 4 அன்று நீதிமன்றம் 11-க்கு 6 என்ற கணக்கில் அமீரகத்தின் ஆட்சேபத்தை ஏற்றது. பூர்வீகம் பிறப்பிலேயே ஒட்டுவது. குடியுரிமை அரசு தருவது, வாழ்நாளில் மாறக்கூடியது. ஆகவே நடப்புக் குடியுரிமையைப் பார்த்துக் காட்டும் வேறுபாடு இந்த உடன்படிக்கைக்குள் அடங்காது. அடங்காததால் விசாரிக்க எமக்கு அதிகாரமில்லை. கத்தாருக்கு இரண்டாவது வாதமும் இருந்தது. வளைகுடாவில் குடியுரிமை என்பதே ஏறக்குறைய வம்சாவளிதான், கத்தார்க்காரர் என்போர் பேச்சாலும் உடையாலும் குலத்தாலும் அடையாளம் தெரியும் ஒரு சமூகம், அவர்களைக் குடியுரிமையின் பேரால் தொட்டாலும் அடி விழுவது பூர்வீகத்தின் மேல்தான் என்றார்கள். அந்தச் சமூகத்தின் மேல் விழுவது பக்கவிளைவு மட்டுமே என்று நீதிமன்றம் அதையும் ஒதுக்கியது. பண்டாரி இம்முறை கத்தாருக்குச் சாதகமாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நீதிமன்றத் தலைவர் யூசுஃபும் சிறுபான்மைப் பக்கம் நின்றார்.

இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கவென்றே ஐ.நா.வில் ஒரு நிபுணர் குழு இருக்கிறது. கத்தார் அங்கேயும் முறையிட்டிருந்தது. 2019 ஆகஸ்டில் அந்தக் குழு, இது எங்கள் வரம்புக்குள் வருகிறது என்று முடிவு செய்தது. குடியுரிமையைப் பார்த்துக் காட்டும் வேறுபாடு நியாயமான நோக்கமோ அளவோ இல்லாமல் போனால் அதுவும் பாகுபாடே என்று 2004-லேயே பொதுப் பரிந்துரை எழுதிய குழு அது. நீதிமன்றம் அதை மரியாதையோடு குறிப்பிட்டுவிட்டு, மாறாகத் தீர்த்தது. ஒரே உடன்படிக்கைக்கு இரண்டு வாசிப்புகள், இரண்டும் இன்று நிற்கின்றன.

சட்ட வாதமாக நீதிமன்றத்தின் வாசிப்பு பலவீனமானதல்ல. உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே, குடிமக்களுக்கும் குடிமக்கள் அல்லாதவர்க்கும் இடையே அரசு காட்டும் வேறுபாட்டுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் வளைகுடாவில் நின்று அந்தத் தீர்ப்பைப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அமீரகத்தில் வசிப்போரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் குடிமக்கள் அல்லர். கத்தாரிலும் அப்படியே. அங்கே கடவுச்சீட்டு ஒருவரின் சம்பளத்தையும் குடியிருப்பையும் மரியாதையையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. ஒரே அலுவலகத்தில் ஒரே மேசை வேலைக்குப் பிரிட்டன் கடவுச்சீட்டுக்கு ஒரு சம்பளம், இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஒரு சம்பளம் என்பது அங்கே வேலை பார்த்த எந்தத் திருச்சிக்காரரைக் கேட்டாலும், கீழக்கரைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டெண்டாயி அச்சியூமே 2019 இறுதியில் கத்தாருக்குப் போய்வந்து எழுதிய அறிக்கையில், பூர்வீக நாட்டை அடிப்படையாகக் கொண்ட நடைமுறைச் சாதியமைப்பு என்ற கடுமையான தொடரையே அந்த நாட்டைப் பற்றிப் பயன்படுத்தினார். ஐரோப்பிய, வட அமெரிக்க, ஆஸ்திரேலிய, அரபுக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தெற்காசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் கிடைப்பதில்லை என்றார்.

அதாவது, தி ஹேக்கில் ‘குடியுரிமையின் பேரால் ஒதுக்குவது இனப் பாகுபாடே’ என்று கத்தாரின் வழக்கறிஞர்கள் முழங்கிய அதே காலத்தில், அதே வாதம் தோஹாவின் தொழிலாளர் முகாம்களுக்கும் பொருந்திக்கொண்டிருந்தது. கத்தார் ஜெயித்திருந்தால், அந்த வெற்றியைத் தூக்கிக்கொண்டு முதலில் கத்தாரின் வாசலில்தான் யாராவது வந்து நின்றிருப்பார்கள். தோற்றதில் கத்தாருக்கு வருத்தம் பாதிதான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

குடியுரிமை மாறக்கூடியது என்று நீதிமன்றம் சொன்னதற்கும் இரு நாடுகளுமே சாட்சி. 2004-இல் கத்தார், முர்ரா குலத்தின் குஃப்ரான் கிளையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் குடியுரிமையைப் பறித்தது. பலருக்கு வேலையும் வீடும் சேர்ந்து போயின. 2011 டிசம்பரில் அமீரகம் இஸ்லாஹ் என்ற இஸ்லாமிய அரசியல் இயக்கத்தைச் சேர்ந்த ஏழு பேரின் குடியுரிமையை நீக்கியது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாமல் பரம்பரையாக அங்கே வாழும் ‘பிதூன்’ மக்களுக்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கொமொரோஸ் தீவுகளின் கடவுச்சீட்டை வாங்கிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அமீரகம் செய்தது. அந்தத் தீவை அவர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை.

தீர்ப்பு வந்த தேதியை மறுபடி பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரி 4. அதற்குச் சரியாக முப்பது நாள் முன்பு, ஜனவரி 5 அன்று, சவூதியின் அல்-உலா நகரில் கத்தார் அமீர் தமீம் விமானத்திலிருந்து இறங்க, சவூதிப் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் கட்டித் தழுவி வரவேற்றார். முற்றுகை முடிந்தது. 2017 ஜூனில் நான்கு நாடுகளும் கொடுத்த 13 நிபந்தனைகளில் அல் ஜசீராவை மூடுவது, துருக்கிப் படைத்தளத்தை அகற்றுவது, ஈரானோடு உறவைக் குறைப்பது எல்லாம் இருந்தன. அவற்றில் எதையும் கத்தார் செய்யவில்லை. குவைத்தின் விடாத தூது, வாஷிங்டனில் ஆட்சி மாறும் நேரம், சவூதியின் களைப்பு ஆகியவை சேர்ந்து செய்த ராசி அது. யார் சட்டத்தை மீறினார், யார் நட்டஈடு தர வேண்டும் என்ற பேச்சே அல்-உலா அறிக்கையில் இல்லை. அமீரகமும் கத்தாரும் தூதரகங்களைத் திறக்க மேலும் இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதற்காகக் கத்தாரின் வழக்குகள் வீண் என்று சொல்ல மாட்டேன். வான்வழித் தடையைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றத்துக்குக் கொண்டுபோனது கத்தார். மன்றத்துக்கு விசாரிக்க அதிகாரமில்லை என்ற நான்கு நாடுகளின் மேல்முறையீட்டை 2020 ஜூலை 14 அன்று இதே சர்வதேச நீதிமன்றம் நிராகரித்தது. அந்த வழிக்கு முன்னுதாரணம் நம்மால் வந்தது. 1971-இல் பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வெளியில் பறக்க இந்தியா தடை விதித்து, மன்றத்தின் அதிகாரத்தை எதிர்த்து தி ஹேக் போய், 1972-இல் தோற்ற வழக்குதான் அது. உலக வர்த்தக அமைப்பிலோ, கத்தாரின் விளையாட்டு ஒளிபரப்பைத் திருடிய ‘பீஅவுட்க்யூ’ மீது குற்ற நடவடிக்கை எடுக்காமல் விட்டதைத் தேசப் பாதுகாப்பு என்று நியாயப்படுத்த முடியாது எனச் சவூதிக்கு எதிராக 2020 ஜூனில் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. சவூதி மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்பு அப்போது முடங்கிக் கிடந்தது. வழக்குகள் ராசிப் பேச்சில் மேசைமேல் வைக்கும் காய்களாயின. சிறிய நாட்டுக்கு அதுவே பெரிய விஷயம்.

வழக்காடும் இந்தப் பழக்கம் வளைகுடாவுக்குப் புதிதல்ல. 1951-இல் அபுதாபி ஷேக்குக்கும் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்கும் கடலடி எண்ணெய் உரிமை பற்றித் தகராறு. நடுவராக வந்தவர் பிரிட்டனின் ஆஸ்க்வித் பிரபு. இந்தப் பின்தங்கிய பிரதேசத்தில் நவீன வணிக ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் நிலைபெற்ற சட்டமே கிடையாது என்று கருதி, ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளையே உலகப் பொது நியாயமாக வைத்து அவர் தீர்த்தார். அபுதாபியின் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பை இன்று எந்த முகத்தோடு பாடமாக நடத்துவார்களோ தெரியாது. ஆனால் முடிவைப் பாருங்கள்: கரையோரக் கடலுக்கு அப்பாலுள்ள கண்டத்திட்டு ஒப்பந்தத்தில் அடங்காது என்று ஷேக்குக்கே சாதகமாக வந்தது. இழிவுபடுத்திய தீர்ப்பு, பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனது.

புரைமி பாலைவனச் சோலை விவகாரம் வேறு ரகம். அபுதாபியும் ஓமனும் தங்களுடையது என்ற கிராமங்களைச் சவூதி கேட்டது. 1954-இல் நடுவர் தீர்ப்புக்கு ஒப்பந்தம் போட்டு, 1955 செப்டம்பரில் ஜெனீவாவில் நடுவர் மன்றம் கூடியது. சவூதித் தரப்பு லஞ்சத்தாலும் தலையீட்டாலும் விசாரணையைக் கெடுக்கிறது என்று குற்றம் சாட்டிப் பிரிட்டிஷ் உறுப்பினர் ரீடர் புல்லார்ட் விலக, மன்றம் குலைந்தது. அக்டோபர் 26 அன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் தலைமையில் படை புகுந்து சோலையைப் பிடித்தது. இரண்டு மாதத்துக்குள் வழக்கு, போர்முனையாக முடிந்தது. 1974-இல் அமீரகமும் சவூதியும் செய்த ஜித்தா உடன்படிக்கையில் கடற்கரைத் துண்டு ஒன்று சவூதிக்குப் போனது. அமீரகத்துக்கும் கத்தாருக்கும் இன்று நில எல்லை இல்லாததற்கு அதுவே காரணம்.

சர்வதேச நீதிமன்றம் உண்மையிலேயே தீர்த்த ஒரே பெரிய வளைகுடாத் தகராறு ஹவார் தீவுகள். கத்தார்க் கரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பஹ்ரைனுடையது என்று 1939-இல் பிரிட்டன் முடிவு சொன்ன தீவுகள் அவை. 1986-இல் ஃபஷ்ட் அத்-திபால் திட்டில் கத்தார்ப் படை இறங்கியபோது போரே வரும்போல் இருந்தது. 1990 டிசம்பரில் தோஹாவில் கூடிய இரு வெளியுறவு அமைச்சர்களும் கூட்டக் குறிப்பு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அதை வைத்துக்கொண்டு 1991-இல் கத்தார் வழக்குப் போட்டது. அது வெறும் கூட்டக் குறிப்பு, உடன்படிக்கை செய்யும் எண்ணமே எனக்கில்லை என்றார் பஹ்ரைன் அமைச்சர். எண்ணம் எதுவானாலும் எழுதியது கட்டும் என்று 1994-இல் நீதிமன்றம் தீர்த்தது. உலகெங்கும் அமைச்சர்களின் சட்ட ஆலோசகர்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்த தீர்ப்பு அது. விசாரணை நடுவே கத்தார் தாக்கல் செய்த 82 ஆவணங்கள் போலி என்று பஹ்ரைன் கிளப்ப, கத்தார் அவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. 2001 மார்ச் 16 அன்று ஹவார் பஹ்ரைனுக்கு, சுபாராவும் ஜனான் தீவும் ஃபஷ்ட் அத்-திபாலும் கத்தாருக்கு என்று முடிந்தது. இரு நாடும் ஏற்றன. ஆளுக்கொன்று கிடைத்ததால் ஏற்றன என்பது என் கணிப்பு.

அமீரகம் 1974-இல் எழுதாமல் விட்டதை 2005-இல் எழுதியது. அந்த ஆண்டு நவம்பரில் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் சேர்ந்தபோது, நீதிமன்றத்துக்கு வழி திறக்கும் 9-ஆம் பிரிவுக்கு விலக்குக் குறிப்பு போட்டது. இருபதாண்டு கழித்து அது வேலை செய்தது. 2025 மார்ச் 5 அன்று சூடான், டார்பூரில் மசாலித் மக்களைக் கொன்றுகுவித்த துணைப் படைக்கு அமீரகம் ஆயுதமும் பணமும் தருகிறது என்று தி ஹேக்கில் வழக்குத் தொடுத்தது. அமீரகம் அடியோடு மறுத்தது. ஏப்ரலில் விசாரணை. மே 5 அன்று 14-க்கு 2 என்று இடைக்கால உத்தரவு மறுக்கப்பட்டது. 9-க்கு 7 என்று வழக்கே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயுதம் போனதா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. சூடானில் நடக்கும் மனிதத் துயரம் ஆழ்ந்த கவலை தருகிறது என்று எழுதி, விலக்குக் குறிப்பு தெளிவாக இருக்கிறது என்று முடித்தது. கத்தார் வழக்கு முதற்கட்டத்திலேயே வீழ்ந்தாலும் ஏறக்குறைய மூன்றாண்டு உயிரோடு இருந்தது, குடும்பங்களுக்கு ஓர் உத்தரவாவது வாங்கித் தந்தது. சூடான் வழக்கின் ஆயுள் இரண்டு மாதம்.

இதே அமீரகம்தான் வேறொரு வழக்குக்காகப் பல ஆண்டுகளாகத் தி ஹேக்கின் கதவைத் தட்டுகிறது. 1971 நவம்பர் 30 அன்று, கூட்டமைப்பு பிறக்க இரண்டு நாள் இருக்கையில், ஷாவின் ஈரான் பெரிய தும்ப், சிறிய தும்ப் தீவுகளைப் படை கொண்டு பிடித்தது. அபு மூசாவில் சார்ஜாவோடு அந்த மாதமே செய்த புரிந்துணர்வின்படி இறங்கியது. ஹோர்முஸ் நீரிணைக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்களின் பாதையைப் பார்த்தபடி இருக்கும் தீவுகள் அவை. பேசித் தீர்ப்போம் அல்லது நீதிமன்றத்துக்குப் போவோம் என்று அமீரகம் ஐ.நா.வில் ஆண்டுதோறும் சொல்கிறது. தீவுகள் ஈரானின் பிரிக்க முடியாத பகுதி, பேச எதுவுமில்லை என்கிறது தெஹ்ரான். 2012 ஏப்ரலில் அன்றைய ஈரான் அதிபர் அஹ்மதிநிஜாத் அபு மூசாவுக்கே போய்வந்தார். அமீரகம் தூதரைத் திரும்ப அழைத்தது, அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சம்மதமில்லாமல் வழக்கில்லை என்ற விதி சூடானிடமிருந்து காப்பாற்றுகிறது, ஈரானிடம் கையைக் கட்டுகிறது.

கச்சத்தீவு அரசியலில் வளர்ந்த நமக்கு இது புரிய நேரமாகாது. இந்தியா தி ஹேக்கின் அதிகாரத்தை ஏற்கும் அறிவிப்பில் காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை, ஆகவே இலங்கையுடனானதையும், விலக்கியே வைத்திருக்கிறது. இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவுக்கும், ஒவ்வொரு வழக்குக்கும் எல்லாத் தரப்பின் சம்மதம் வேண்டும் என்று விலக்குக் குறிப்பு எழுதியிருக்கிறது. இனப்படுகொலை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவுக்கும் அப்படியே. விலக்குக் குறிப்பு இருபுறமும் வெட்டும். வளைகுடாவில் இந்தியக் கடவுச்சீட்டுக்குக் காட்டப்படும் வேறுபாட்டை என்றாவது டெல்லி தி ஹேக்குக்குக் கொண்டுபோக நினைத்தாலும், எதிராளி டெல்லியின் குறிப்பையே எடுத்துக் காட்டி நிறுத்திவிடலாம். 2021 தீர்ப்புக்குப் பிறகு, அந்தக் குறிப்பை எடுக்கும் முன்பே வழக்கு நின்றுவிடும்.

அந்தக் கடவுச்சீட்டின் விலையை வளைகுடா முதலாளி மட்டும் நிர்ணயிப்பதும் இல்லை. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்கு இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் நாடுவாரியாக அளவு வைத்திருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், இந்தியர்களுக்கு வேலை போய்விடக் கூடாது என்று காரணம் சொல்லி, அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன் நாடுகளுக்கு அந்த அளவை மாதம் 200 டாலராகக் குறைத்துச் சுற்றறிக்கை விட்டது. வளைகுடாத் தொழிலாளர்களுக்காக இயங்குவோர் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில், தி ஹேக் தீர்ப்பு வந்து ஐந்து மாதத்துக்குப் பின், சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டுப் பழைய அளவுகள் மீண்டும் நடப்புக்கு வந்தன.